தொட்டி கலக்கிய ஞாயிறு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் வீட்டுக்காரியும் மகள் குட்டியும் முப்பத்திரண்டு மாடுகளும் சுகம். உன் இருமல் விட்டதா? மாடி அறை ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு தூங்க வேண்டாம் என்று வீட்டுக்காரி எழுதச் சொன்னாள்.

ஒரு விஷயத்தை உன்னிடம்தான் கேட்க வேண்டும். நம் மேய்ச்சல் நிலம் வெளுத்துக்கொண்டே போகிறது. காலையில் பனி விலகும் நேரம் மேட்டில் நின்று பார்க்கிறேன். பச்சை என்று சொல்ல வாய் வரவில்லை. துவைத்துத் துவைத்துச் சாயம் போன சட்டை மாதிரி கிடக்கிறது. கொட்டகை கழுவிய தண்ணீர், சாணம், மூத்திரம் எல்லாம் பின்கட்டுத் தொட்டியில்தான் சேர்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கலக்கி எடுத்து நிலத்துக்கு விடுகிறேன். அப்பா காலத்தில் பத்து மாடுதான். வாராவாரம் எடுத்து ஊற்றுவார். பத்தாம் நாள் புல் எழுந்து நிற்கும். இப்போது மாடு மூன்று மடங்கு, தொட்டி ஐந்து மடங்கு. ஊற்றினால் வெறும் தண்ணீர் விட்டது போலத்தான் இருக்கிறது.

வாடைக்கு மட்டும் குறைவே இல்லை. பக்கத்துப் பண்ணை அம்மா வருடம் பூராவும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார். இவ்வளவு வாடை அடிக்கிறதென்றால் சரக்கிலும் அவ்வளவு வீரியம் இருக்க வேண்டும் அல்லவா? ஊர்க் கழிவையெல்லாம் குப்பியில் பிடித்து வைத்துப் பார்க்கிறவள் நீ. என் உரம் எங்கே போகிறது?

சாவகாசமாக எழுது. புல் எங்கும் ஓடிவிடாது.

உன் தம்பி

*

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

இருமல் விட்டது, ஜன்னல் மட்டும் திறந்தே இருக்கிறது. கீழே கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர் கடை. அவர் வேலையை முடித்து விளக்கை அணைக்கும் வரை அந்த டிக் டிக் சத்தம் மேலே வர வேண்டும், அப்போதுதான் எனக்குத் தூக்கம் பிடிக்கிறது. குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

உன் கடிதத்தைச் சோதனைச்சாலையில் வைத்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குப்பி நழுவப் பார்த்தது. அடேய், நீ மோந்து பார்க்கிறாயே, அதுதான் உன் உரம். தொட்டியில் இருக்கிற தழைச்சத்து அம்மோனியா ஆகிக் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் திறந்து கிடந்தால் பாதிக்கு மேல் போய்விடும். வாடை வருகிற வரைக்கும் சத்து வெளியேறுகிறது என்று வைத்துக்கொள். இத்தனை வருடமாக நீ பக்கத்துப் பண்ணை அம்மாவின் திரைச்சீலைக்கு உரம் போட்டிருக்கிறாய்.

இங்கேயும் இதே பாடுதான். சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுநீரை லாரித் தொட்டியில் ஏற்றி முப்பத்தேழு பண்ணைகளுக்கு அனுப்புகிறோம். ஒருவரும் திருப்தியாகச் சொல்வதில்லை. எங்கள் மேலதிகாரி ("கண்ணாடிக்காரர்" என்று சொல்வேனே, அவர்தான், நெற்றியில் ஒன்று மூக்கில் ஒன்று) தினமும் என்னைப் பார்த்து, "சத்து எங்கேம்மா?" என்று கேட்கிறார். நான்தான் எடுத்துத் தின்றுவிட்டேன் என்கிற மாதிரி கேட்பார்.

உன் தொட்டியை மூடு. பலகை அடித்து, மேலே தடித்த பிளாஸ்டிக் விரித்து, காற்று புகாமல் மூடு. கலக்குவதற்கு மட்டும் ஒரு வாசல் விடு. மீதியை நான் யோசித்து எழுதுகிறேன்.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தொட்டிக்கு மூடி போட்டாகிவிட்டது. பழைய கொட்டகைப் பலகையெல்லாம் அதற்கே சரியாகப் போனது. மேலே இரண்டு அடுக்கு பிளாஸ்டிக், அதன் மேல் ஓரமெல்லாம் மண் மூட்டை. நேற்று மதியம் நானும் குட்டியும் அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தோம். அடியில் மெதுவாகக் குமிழி விடுகிற சத்தம் கேட்டது. பெரிய மாடு ஒன்று கீழே படுத்து அசை போடுகிறது என்று குட்டி முடிவு கட்டிவிட்டாள். அது கன்று போடுமா என்று கேட்டாள். போடும், புல்லாகப் போடும் என்று சொல்லி வைத்தேன்.

வாடை பாதியாகிவிட்டது. பக்கத்துப் பண்ணை அம்மா ஒரு ஜன்னலைத் திறந்திருக்கிறார். இன்னொன்றை இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது.

உனக்குச் சொன்னால் சிரிப்பாய். இத்தனை நாள் அந்த ஒரு வாடை மற்றதையெல்லாம் அமுக்கி வைத்திருந்தது. இப்போது ஒவ்வொன்றாக வருகிறது. காலையில் ஈர மரம், வைக்கோல், கறந்த பால், குட்டியின் தலையில் வெயில். என் மூக்கைப் பற்றி உனக்கே தெரியும். மாட்டின் மூச்சை வைத்தே அதற்கு வயிறு சரியில்லை என்று மருத்துவருக்கு முன்னால் சொல்லிவிடுவேன். குட்டிக்குக் காய்ச்சல் வரப்போவதும் எனக்கு முதல் நாளே தெரியும். இந்த வாரமெல்லாம் புதிதாக ஒரு வீட்டுக்குக் குடி வந்தவன் மாதிரி பண்ணையைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். வேலை கெட்டுப் போகிறது என்று வீட்டுக்காரி திட்டுகிறாள்.

உன் தம்பி

*

மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குட்டியிடம் சொல், அடியில் இருக்கிற மாட்டுக்கு மருந்து அனுப்பப் போகிறேன்.

மூன்று வாரமாக என் ஜன்னலோரம் ஆறு ஜாடி வைத்து வேடிக்கை பார்க்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே கழிவுநீர். ஒன்றில் மரத்தூள், ஒன்றில் கரித்தூள், ஒன்றில் ஜிப்சம், இப்படி. ஜிப்சம் போட்ட ஜாடிதான் ஜெயித்தது. அம்மோனியாவைப் பிடித்துக் கட்டி வைத்துக்கொள்கிறது. மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு சத்து கூடுதலாக நிற்கிறது. கசடு காயப்போடுகிற பாத்திகளிலும் தூவிப் பார்த்தோம், அங்கேயும் அதே கணக்குதான். கண்ணாடிக்காரர் இரண்டு கண்ணாடியையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டார்.

நீ ஆறு மூட்டை ஜிப்சம் வாங்கித் தொட்டியில் போடு. மூடியும் இருக்கிறது, ஜிப்சமும் சேர்ந்தால் சத்து தப்பித்துப் போக வழியே கிடையாது. மூன்று வாரம் ஊற விட்டு நன்றாகக் கலக்கி நிலத்துக்கு விடு. ஜிப்சத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை. குட்டி கையால் அள்ளிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

அப்பா இருந்திருந்தால், "பொம்பளைப் பிள்ளைக்கு இந்த நாத்தத்துல என்ன படிப்பு?" என்று கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார். இல்லை, அவர் வாங்கிக்கொள்கிற ஆள் கிடையாது. நமக்குத் தெரிந்தால் போதும்.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீ சொன்னபடி ஆறு மூட்டை போட்டு இரண்டு வாரம் ஆகிறது. மூடி வாசலைத் திறந்து நான் கொட்டினேன். கடைசி மூட்டையைக் குட்டிதான் பிடி பிடியாகப் போட்டாள். அடியில் இருக்கும் மாட்டுக்கு மாவு என்று பெயர்.

கண்ணைக் கரிக்கிற அந்தக் காரம் சுத்தமாகப் போய்விட்டது. வாசல் ஓரத்தில் மட்டும் லேசாக அழுகிய முட்டை மாதிரி ஒன்று வருகிறது. அதுவும் போய்விடும். பக்கத்துப் பண்ணை அம்மா இரண்டாவது ஜன்னலையும் திறந்துவிட்டார். நேற்று எனக்கு ஒரு கனவு. மேட்டு நிலம் முழுக்கப் புல், இடுப்பு உயரம். நீ அதன் நடுவில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறாய். கூப்பிட்டால் திரும்பாமல் எதையோ எழுதிக்கொண்டே இருக்கிறாய். விழித்தபோது சிரித்துக்கொண்டிருந்தேனாம்.

வரும் ஞாயிறு கலக்கப் போகிறேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 19 (எழுதி, அனுப்பாமல் வைத்தது)

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை டிராக்டரில் கலக்கியை மாட்டித் தொட்டிக்குள் இறக்கினேன். ஓட விட்டு, சரியாகச் சுற்றுகிறதா என்று வாசலில் குனிந்து பார்த்தேன். முட்டை வாடை ஒருமுறை பலமாக அடித்தது. அடுத்த மூச்சில் அது இல்லை. ஒரு வாடையுமே இல்லை. அக்கா சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம் எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்காரி பால் பாத்திரத்தோடு வந்திருக்கிறாள். நான் வாசலோரம் குப்புறக் கிடந்தேனாம். ஒரு கை உள்ளே தொங்கிக்கொண்டிருந்ததாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து காலைப் பற்றி மேட்டுப் பக்கம் காற்றுக்கு இழுத்துப் போட்டிருக்கிறாள். தொட்டியை ஒட்டிக் கட்டியிருந்த இரண்டு கன்றுகள் செத்துவிட்டன. குட்டி அந்த நேரம் வீட்டுக்குள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க மாட்டேன்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. கன்றுகளைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர் அங்கேயும் வந்தார். தொட்டியில் என்ன போட்டேன் என்று கேட்டார். சொன்னேன். "ஜிப்சத்துல கந்தகம் இருக்குங்க. காத்து போகாத தொட்டியில அது விஷவாயுவா மாறி அடியிலயே கிடக்கும். கலக்கினா மொத்தமா மேல வரும். முதல்ல மூக்கைத்தான் கொல்லும், அப்புறம் ஆளை" என்றார். அப்புறம், "திறந்த தொட்டியில ஜிப்சம் போட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. மூடி மட்டும் போட்டிருந்தாலும் இவ்வளவு ஆகியிருக்காது. ரெண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நானே யோசித்துச் செய்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, மூக்கு போய்விட்டது. இன்றைக்கு வரை ஒன்றும் வரவில்லை. பாலும் தண்ணீரும் எனக்கு ஒன்றுதான்.

அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "எழுதுங்க. அவங்களுக்குத் தெரியணும்" என்கிறாள். இதைப் படித்தால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருபத்தொரு வருடமாக அந்த நாற்றத்துக்குள் தலை நிமிர்ந்து நடக்கிறாய். உனக்கென்று இருப்பது அந்த வேலை ஒன்றுதான். நான் எழுதமாட்டேன்.

*

ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. ஞாயிறு கலக்கினாயா இல்லையா? சோதனைச்சாலையில் எல்லோரும் என்னைத் துளைத்தெடுக்கிறார்கள். புல் வந்ததா என்று ஒரு வரி போட்டால் கை தேய்ந்துவிடுமா? உடம்பு சுகம்தானே?

அக்கா

*

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள், வேலை அதிகம். எல்லோரும் சுகமாக இருக்கிறோம்.

தொட்டியைக் கலக்கினோம். நல்லபடியாக முடிந்தது. மைத்துனன் வந்து நிலத்துக்கு விட்டுக் கொடுத்தான். பத்தாம் நாள் புல் எழுந்துவிட்டது. நிஜமாகவே எழுந்துவிட்டது, அக்கா, அதில் ஒரு சொல் கூட மிகை இல்லை. கறுத்த பச்சை. காற்று வந்தால் நிலம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறேன். சத்தம் கேட்கிறது, நிறம் தெரிகிறது. ஆனால் எதுவும் கிட்டத்தில் இல்லாதது போல இருக்கிறது. கனவில் நடக்கிறவனுக்கு இப்படித்தான் இருக்கும் போல. வயதாகிறது என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? உன் அறை ஜன்னலைத் திறந்தால் என்ன என்ன வாடை வரும்? காலையில் ஒன்று, மழை பெய்தால் ஒன்று என்று இருக்குமே. அடுத்த கடிதத்தில் எழுது. ஏனென்று கேட்காதே, சும்மாதான்.

உன் தம்பி

*

மே 10

அன்புத் தம்பிக்கு,

புல் எழுந்துவிட்டது என்ற வரியை நாலு தடவை படித்தேன். கண்ணாடிக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபத்தொரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரி ஏன் ஒரு வரியும் சேர்த்து எழுதச் சொல்வதில்லை? என் மேல் ஏதாவது கோபமா? குட்டி எப்படி இருக்கிறாள்?

வாடை கேட்டாயே. நீ எப்போதுமே கொஞ்சம் கிறுக்கன்தான், ஆனாலும் எழுதுகிறேன். காலையில் கீழ்க் கடையிலிருந்து கடிகார எண்ணெய், மெல்லிசாக, கையில் தடவினால் வழுக்கும் என்று தோன்றுகிற மாதிரி. பத்து மணிக்கு எதிர்வீட்டுத் துணி, சோப்பும் வெயிலும் சேர்ந்தது. மழை வருவதற்கு முன்னால் இரும்பு. மாலையில் என் கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டுவேன், அதிலிருந்து நான் வேலை செய்கிற இடம் அறை முழுக்க வந்து உட்கார்ந்துகொள்ளும். அது எனக்குப் பழகிவிட்டது. ஒருநாள் வரவில்லை என்றால் வீடு மாறி வந்துவிட்டேனோ என்று இருக்கும்.

முக்கியமான சமாச்சாரம் இது. கண்ணாடிக்காரர் துண்டறிக்கை போடுகிறார். "தொட்டியை மூடுங்கள், ஜிப்சம் போடுங்கள், மூன்று வாரம் கழித்துக் கலக்குங்கள்" என்று படத்தோடு வருகிறது. ஒரு பண்ணையில் செய்து பார்த்து நல்ல பலன் கண்டது என்று உன்னைத்தான் சொல்லியிருக்கிறோம். அடியில் என் பெயர். அடுத்த வாரம் அச்சிலிருந்து வந்துவிடும், வந்த உடனே லாரி ஓட்டுநர்கள் முப்பத்தேழு பண்ணைக்கும் கொண்டு போய்க் கொடுத்துவிடுவார்கள். அவர்களில் பலரிடம் ஏற்கெனவே மூடிய தொட்டிதான் இருக்கிறது, பாதி வேலை முடிந்த மாதிரி. உனக்கு ஒன்று தனியாக அனுப்புகிறேன். சட்டம் போட்டு மாட்டு.

அக்கா

*

மே 16 (பால் வண்டி ஓட்டுநர் கையில்)

அக்கா,

துண்டறிக்கையை நிறுத்து. போய்விட்டிருந்தால் திருப்பி வாங்கு. உன் கடிதம் இப்போதுதான் வந்தது. தபாலை நம்பாமல் வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன்.

மூடிய தொட்டியில் ஜிப்சம் போட்டால் விஷவாயு வரும். கலக்கும்போது மொத்தமாக வெளியே வரும். அந்த ஞாயிறு நான் தொட்டி வாசலில் விழுந்தேன். வீட்டுக்காரி இழுத்துப் போட்டிருக்காவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. இரண்டு கன்றுகள் செத்தன. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதியது பொய். புல் மட்டும் பொய்யில்லை.

உன்னிடம் மறைக்க வேண்டும் என்று நினைத்தேன். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தேழு வீடு. ஒவ்வொரு தொட்டியிலும் யாராவது ஒருவர் குனிந்து பார்ப்பார்.

ஓடு, அக்கா.

*

ஜூன் 30

தம்பிக்கு,

ஆறு வாரமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. நீ எதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாய் என்று தெரியாது. நான் பேருந்தில் இருந்தேன்.

பால் வண்டி ஓட்டுநர் உன் கடிதத்தை என் கையில் கொடுத்தபோது துண்டறிக்கை போய் ஒரு நாள் ஆகியிருந்தது. நின்றபடியே படித்தேன். என் இடுப்பில் அந்த வாயுவைக் கண்டுபிடிக்கிற கருவி தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதை மாட்டிக்கொண்டுதான் பம்பு அறைக்குள் இறங்குகிறேன். அது கத்தினால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளே நான்தான். நீ முட்டை வாடை என்று எழுதியதைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். ஜாடி திறந்திருந்தது, பாத்தி திறந்திருந்தது, உன் தொட்டி மூடியிருந்தது. மூடச் சொன்னதும் நான்தான். சந்தோஷத்தில் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் கடிதம் உன்னைக் கொல்லப் பார்த்தது. இதை வேறு எப்படியும் எழுத முடியவில்லை.

கண்ணாடிக்காரரிடம் போய்ச் சொன்னேன். தபாலில் மறுப்பு அனுப்பலாம் என்றார். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். முப்பத்தேழு பண்ணையும் முப்பத்தேழு பக்கம். சில இடத்தில் பேருந்தை விட்டு இறங்கி நான்கு மைல் நடை. போய்க் கதவைத் தட்டி, "அடியில இருக்கிற பேரு என்னோடது. நான் எழுதினது தப்பு" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொள்வேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் நாயை விட்டார். ஒரு அம்மா அதைக் கப்பல் செய்து பேரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். நடந்து நடந்து ஒரு கட்டத்தில் எல்லாத் தொட்டியும் ஒரே தொட்டி போலவும், எல்லா வாசலிலும் நீயே நின்று கதவைத் திறப்பது போலவும் ஆகிவிட்டது. பேருந்து ஜன்னலில் தலை சாய்த்தால், தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாமலே ஊர்கள் போய்க்கொண்டிருந்தன.

ஒருவர் மட்டும் தாளில் சொன்னபடி நாள் எண்ணிச் செய்திருந்தார். முப்பத்து மூன்றாவது பண்ணை. நல்ல மூடி, என் படத்தில் இருப்பதைவிட நேர்த்தியான மூடி. டிராக்டரில் கலக்கியை மாட்டி வைத்திருந்தார். மறுநாள் காலை கலக்குவதாக இருந்தார். ஆள் கிட்டத்தட்ட உன் வயது. நானும் அவரும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்று நீளக் கழியால் பலகையை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தோம். மாடுகளை ஓட்டிவிட்டோம். அவர் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் மேட்டில் போய் நின்றார்கள். என் கருவி இருபதடி தூரத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டது. அது கத்தி நான் கேட்டதுண்டு. அழுதுகொண்டே கேட்டது அன்றைக்குத்தான்.

நான்கு நாள் திறந்து கிடக்கட்டும், யாரும் கிட்டப் போக வேண்டாம், அப்புறமும் தூரத்தில் நின்று, காற்றுள்ள நாளில்தான் கலக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் டீ கொடுத்தார். எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று கேட்டார். என் தம்பி விழுந்து பிழைத்தான் என்று சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப உங்க தம்பி எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

நாலைந்து மாதமாக மாறி மாறிச் சுகம் சுகம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. "தெரியலைங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதிரி என்னைப் பார்த்தார்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என்னைக் கொலைகாரியாக்கப் பார்த்தாய். என் மேல் இருக்கிற கோபம் அதைவிடப் பெரியது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேலை இருக்கிறது, நல்ல பெயர் போய்விட்டது, அது போகட்டும். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு ஏற்ற மாதிரி எழுதாமல், இருக்கிறபடி எழுது. நீ எப்படி இருக்கிறாய்?

அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இல்லை.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். போய் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடி உட்காருகிறேன்.

மூக்கு போய்விட்டது, அக்கா. அன்றைக்கு வண்டியில் கொடுத்த கடிதத்தில்கூட இதை எழுதவில்லை. மூன்று மாதமாக ஒரு வாடையும் இல்லை. வரலாம் என்கிறார்கள், ஒரு வருடத்தில், அல்லது வராமலும் போகலாம் என்கிறார்கள். சாப்பாடு சூடாக இருக்கிறது, ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான். போன வாரம் திரிந்த பாலைக் கேனில் ஊற்றி அனுப்பிவிட்டேன். வண்டி ஓட்டுநர் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கிழட்டுப் பசு ஒன்று வயிறு கெட்டு இரண்டு நாள் என் முன்னால் நின்றிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. குட்டிக்குக் காய்ச்சல் வந்ததும் தெரியவில்லை. அவள் தலையை முகர்ந்து பார்த்து, ஒன்றுமில்லை போய் விளையாடு என்று அனுப்பினேன். சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. அன்றிலிருந்து அவள் தலையை நான் முகர்வதில்லை. அப்பா ஏன் தன் கிட்டே வருவதில்லை என்று அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

உன்னைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. உனக்கு எழுதாத வரை அது ஒரு கனவு போல இருந்தது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது, ஒருநாள் காலை விழித்தால் வைக்கோல் வாடை வந்துவிடும் என்று இருந்தேன். எழுதிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயம். இப்போது எழுதிவிட்டேன். நிஜமாகத்தான் ஆகிவிட்டது. ஆனாலும் மூச்சு கொஞ்சம் நன்றாக விட முடிகிறது.

வீட்டுக்காரிக்கு உன் மேல் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். நீ கதவு கதவாகப் போனதை வாசித்துக் காட்டினேன். மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். அப்புறம், "உங்க அக்காவ வரச் சொல்லுங்க. அந்தத் தொட்டிய என்ன செய்யறதுன்னு அவங்களே வந்து பாக்கட்டும், கடுதாசியில வேண்டாம்" என்றாள். தொட்டியைச் சுற்றி வேலி போட்டு வைத்திருக்கிறாள். யாரையும் கிட்ட விடுவதில்லை, என்னை முக்கியமாக.

தொட்டி மறுபடி நிரம்பிக்கொண்டிருக்கிறது. மாடு நிற்காமல் சாணம் போடுகிறது, அதற்கு நம் கஷ்டம் தெரியாது. அந்தச் சத்தை எப்படியாவது பிடித்து நிலத்துக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆள் விழாமல் கொடுக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. எங்கே என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்ல மூக்கு இல்லை. நீ வந்து என் பக்கத்தில் நில். உனக்கு வாடை வந்தால் வருகிறது என்று சொல். வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல். நான் நம்புகிறேன்.

வரும் சனிக்கிழமை வர முடியுமா? எந்தப் பேருந்து என்று மட்டும் எழுது, நான் நிறுத்தத்தில் வந்து நிற்கிறேன்.

உன் தம்பி